குறியிட்டுக் கழற்று

நுழையும்முன்

பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் இளமைக்கே உரியது. பிரித்ததை முன்போலவே சேர்ப்பதற்கு ஆர்வம் மட்டும் போதாது. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். தவறு நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும். மலைப்பாதையில் ஓடிய பழைய ஜீப் ஒன்றின் தண்டில் புதிய உறுப்பைப் பொருத்தியபோது ஒரு மாணவர் பெற்ற பட்டறிவை இக்கட்டுரை விவரிக்கிறது.

மலையேறும் ஊர்தி

போடிநாயக்கனூரில் கதிரவனுக்கு முன்பே ஜீப்புகள் விழித்துக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள அவ்வூரிலிருந்து, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்கள் சென்று திரும்புகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். விடியலில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் செல்வார்கள். பொழுது சாய்கையில் அதே வளைவுகள் வழியே இறங்குவார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஜீப் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா. அவ்வண்டியில் நாள்தோறும் ஏறிச்சென்ற பெண்களுள் ஒருவர் என் அம்மா.

ஜீப் என்பது போர்க்களத்தில் பிறந்த ஊர்தி. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்காக வடிவமைக்கப்பட்ட அது, 1940களின் இறுதியில் இந்தியாவிலும் ஒன்றுசேர்க்கப்படலாயிற்று. சேற்றிலும் கல்லிலும் செல்வதற்கென்று படைக்கப்பட்டதால், எளிய கருவிகளைக் கொண்டு சாலையோரத்திலேயே பழுதுபார்க்கும்படி அதன் உறுப்புகள் அமைந்தன. எங்கள் மலைக்கு அது பொருந்திப்போனதில் வியப்பில்லை.

எங்கள் ஜீப் எனக்கும் மூத்தது. நான்கு சக்கரங்களையும் இயக்கவல்ல அவ்வண்டியில், முன்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டினை எந்த உரிமையாளரோ என்றோ கழற்றிவிட்டிருந்தார். பின்சக்கரங்களுக்குச் செல்லும் ஒற்றைத் தண்டே எஞ்சியிருந்தது. அதனைப் புரொப்பல்லர் சாஃப்ட் என்று பட்டறையில் கூறுவர். எஞ்சினின் ஆற்றல் முழுவதும் அத்தண்டின் வழியேதான் சக்கரங்களைச் சென்றடைய வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அத்தண்டின் அருமை விளங்கும். மலையிறங்கும் ஓட்டுநர் சிறிய கியரில் வண்டியை வைத்துக்கொள்வார். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். தண்டு அறுந்துபோனால் அந்தப் பிடி அக்கணமே போய்விடும். அதுமட்டுமன்று. எங்கள் வண்டி போன்ற பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பற்றுவதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், தண்டு தொடங்குமிடத்தில் உள்ள டிரம்மையே பற்றும். ஆகவே தண்டு போனால் கைப்பிரேக்கும் போயிற்று. காற்பிரேக் ஒன்றை நம்பியே பன்னிரண்டு உயிர்கள் இறங்க வேண்டியிருக்கும்.

அந்தத் தண்டிலிருந்துதான் ஒரு கோடைக்காலத்தில் ஓசை கேட்கத் தொடங்கியது.

தண்டும் மூட்டும்

கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும்போது, அடியில் யாரோ சிறு சுத்தியலால் ஒருமுறை தட்டியதுபோல் ‘டக்’ என்று ஓர் ஒலி எழும். பிறகு ஒன்றும் இராது. கியர் மாற்றினால் மீண்டும் அதே ஒலி. அப்பா இரண்டு வாரங்கள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

பட்டறை என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. எண்ணெய் ஊறிக் கறுத்த மண். ஒரு மேசையில் இறுக்கப்பட்ட இரும்பு வைஸ். அதன் உரிமையாளரை ஊரே பாய் என்று அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். அவர் வண்டிக்கடியில் படுத்து, தண்டினை இரு கைகளாலும் பற்றி இடமும் வலமும் திருப்பினார். “கிராஸ் போய்விட்டது. இனி மலை ஏற்றாதீர்கள்” என்றார்.

இயந்திரத்தை அறியாதவர்க்கு இவ்விடத்தில் சிறு விளக்கம் தேவைப்படும். கியர்பெட்டி வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது, அது அசையாது. பின் அச்சோ வில்போன்ற எஃகுப் பட்டைகளின்மேல் அமைந்தது. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். அசையாத ஒன்றையும் அசையும் ஒன்றையும் வளையாத இரும்புக்கம்பியால் இணைத்தால் கம்பி முறியும். எனவே தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் வைக்கப்பட்டன.

சிறுவர்கள் கவண் செய்ய வெட்டும் கவட்டைக் குச்சிகள் இரண்டினை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று நின்ற நிலையிலும் மற்றொன்று கிடந்த நிலையிலுமாக அவற்றை எதிரெதிரே வையுங்கள். நடுவில் கூட்டல் குறி போன்ற எஃகுத்துண்டு ஒன்று. அதன் இரண்டு கைகளை ஒரு கவட்டை பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டு கைகளை எதிர்க்கவட்டை பிடித்துக்கொள்ளும். சுழற்சி தடைபடாது, திசை வளையலாம். அந்தக் கூட்டல் குறியே கிராஸ். அதன் ஒவ்வொரு கையிலும் குப்பி போன்ற கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டித் தையலூசி போன்ற மெல்லிய எஃகு உருளைகள் நெருக்கமாக நிற்கும். பசை வற்றினால் அவ்வூசிகள் கிராசின் கைகளில் தழும்பிட்டுவிடும். எங்கள் வண்டியில் நிகழ்ந்தது அதுவே.

இதனோடு இன்னோர் ஏற்பாடும் உண்டு. அச்சு ஏறி இறங்கும்போது, கியர்பெட்டிக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது கூடும், சிறிது குறையும். அதற்கேற்பத் தண்டும் நீளவும் சுருங்கவும் வேண்டும். ஆகவே அதன் ஒரு முனை இரு பகுதிகளாக அமைந்திருக்கும். நீளவாக்கில் பற்கள் செதுக்கப்பட்ட தண்டு ஒன்று. அப்பற்களுக்கேற்ற பள்ளங்கள் உள்ள குழல் ஒன்று. குழலுக்குள் தண்டு வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கு மூட்டுத்தான் எனக்குப் பாடம் கற்பித்தது.

தெரிந்து தெளிவோம்

வளைந்து இயங்கும் இம்மூட்டு 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேய அறிவியலாளர் இராபர்ட் ஊக்கின் பெயராலும் வழங்கப்படுகிறது. தானுந்துகளுக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்கரான கிளாரன்சு சுபைசர் 1903ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பல வண்டிகளில் மிதிவண்டிபோலச் சங்கிலியே சக்கரங்களைச் சுழற்றியது.

கழற்றிய கை

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அதைவிடப் பெரிதாகச் செருக்கு இருந்தது. கூலியில் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று அப்பா என்னைப் பாய்க்கு உதவியாளாக விட்டுச்சென்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் புறப்படும்போது சொன்னார்: “தண்டைக் கழற்றி வை, தம்பி. எதைப் பிரித்தாலும் முதலில் குறி போடு. பிறகு கழற்று.” சாக்கட்டி ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வண்டியின் சக்கரங்களுக்குக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு அடியில் புகுந்தேன். துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் திருகினேன். பின்முனையில் யூ போல்ட்டுகள் விடுபட்டன. முன்முனையில் கைப்பிரேக் டிரம்மோடு இணைந்த போல்ட்டுகளும் விடுபட்டன. தண்டு என் மார்பின்மீது இறங்கியபோது, பெரிய மீன் ஒன்றைப் பிடித்தவன்போல் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் கை நிற்கவில்லை. வழுக்கு மூட்டின் மூடியைத் திருகிக் கழற்றினேன். குழலை இழுத்தேன், பழைய பசையின் நாற்றத்தோடு அது வெளியே வந்தது. பாய் திரும்புமுன் இரண்டையும் துடைத்துப் பளபளவென வைத்தால் பாராட்டுவார் என்று எண்ணினேன். சாக்கட்டி சட்டைப்பையில் இருந்தது. அதை நான் எடுக்கவே இல்லை.

பாய் வந்ததும் கிராசை மாற்றும் வேலை தொடங்கியது. கிண்ணங்களைப் பிடித்திருக்கும் வளையங்களை இடுக்கியால் எடுத்தார். ஒருபுறம் சிறிய குழாய்த்துண்டு, மறுபுறம் பெரிய குழாய்த்துண்டு வைத்து வைசை இறுக்கினார். சிறியது தள்ள, பெரியதற்குள் பழைய கிண்ணம் வந்து விழுந்தது. புதிய கிண்ணங்களில் பசையைத் தடவி ஊசிகளைச் சுவரோடு ஒட்டவைத்தார். “பசை இங்கே எண்ணெய் மட்டுமில்லை தம்பி, கோந்தும்கூட. ஓர் ஊசி சாய்ந்து அடியில் கிடந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது. இறங்கவில்லையே என்று சுத்தியலை ஓங்கினால் கிண்ணம் உடையும். இறங்காதபோது அடிக்காதே, கழற்றிப் பார்” என்றார். நான்காவது கிண்ணத்தை என்னையே பொருத்தச் சொன்னார். வளையம் ‘கிளிக்’ என்று தன் பள்ளத்தில் அமர்ந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

அதற்குள் உத்தமபாளையத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். பாயின் உறவினர் வீட்டில் திருமணம். அவசரமாகக் கை கழுவியவர், வழுக்கு மூட்டு பிரிந்து கிடப்பதைக் கண்டு நின்றார்.

“இதை ஏன் பிரித்தாய்? குறி போட்டாயா?”

“போட்டேன் பாய்.”

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நம்பினார். “அப்படியென்றால் குறிக்குக் குறி சேர்த்து மாட்டு. அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொல்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பொருந்தியும் பொருந்தாதது

குழலில் எந்தப் பல்லுக்கு நேராகத் தண்டினைச் செருகினாலும் அது உள்ளே போகும். அதுதான் அவ்வுறுப்பின் சூழ்ச்சி. தவறான இடத்தில் வைத்தால் முட்டிக்கொண்டு நின்றிருக்குமாயின் நான் தப்பித்திருப்பேன். அது அன்போடு வழிவிட்டது. எல்லாம் பொருந்தியதுபோல் இருந்தது. போல்ட்டுகளை இறுக்கினேன், பசையூட்டினேன்.

மாலையில் அப்பா வண்டியைத் தேனிச் சாலையில் ஓட்டினார். கிளம்பும்போது எழுந்த ‘டக்’ ஒலி மறைந்துவிட்டது. அப்பா சிரித்தார். வேகம் கூடியதும் காலடித் தகட்டில் ஓர் அதிர்வு தொடங்கியது. தேனீக்கூட்டின் இரைச்சல்போல அது ஏறி இறங்கியது. அப்பா சற்றே நெற்றியைச் சுருக்கினார்.

“புதுச் செருப்பும் முதலில் கடிக்கத்தான் செய்யும். மலையில் இவ்வளவு வேகம் போகப்போவதில்லை” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மலையில் வேகம் குறைவு, அதிர்வு தெரியாது. தெரியாது என்பதால் இல்லை என்றாகிவிடுமா?

எனக்கு அதன் காரணம் புரிந்திருந்தது. பாடநூலில் படித்ததை வைத்தே உணரக்கூடிய செய்திதான் அது. வளைந்த மூட்டின் வழியே செல்லும் சுழற்சி ஒரே சீராக இராது. முன்தண்டு சீராகச் சுழன்றாலும், மூட்டுக்கு அப்பால் உள்ள தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தளரும். மூட்டின் சாய்வு 10 பாகை என்றால், வேகம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கூடும். ஏறத்தாழ அதே அளவு குறையவும் செய்யும். 20 பாகையாகும்போது ஏற்றமும் இறக்கமும் 6 விழுக்காட்டை எட்டிவிடும். இக்குறையை நீக்கத்தான் இரண்டாவது மூட்டு இருக்கிறது. முதல் மூட்டு விரையும்போது இரண்டாவது தளர்த்தும். முதலாவது தளரும்போது இரண்டாவது விரைவிக்கும். ஒன்றின் பிழையை மற்றொன்று சரிசெய்ய, சக்கரங்களுக்குச் சீரான சுழற்சி கிடைக்கும். ஆனால் தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் நின்றால்தான் இது நிகழும். நான் குழலை ஏறத்தாழ எட்டில் ஒரு வட்டம் திருப்பிச் செருகியிருந்தேன். பிழையை நீக்க வேண்டிய மூட்டு, பிழையோடு மல்லுக்கு நின்றது.

அப்படி ஓடும் தண்டு அன்றே அறுந்துபோயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாதம் ஓடியிருக்கலாம், ஓராண்டுகூட ஓடியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய கிராஸ் அடிவாங்கும். போல்ட்டுகள் சிறிது சிறிதாக நெகிழும். எந்த நாளில், எந்த வளைவில் என்பதுமட்டும் எவருக்கும் தெரியாது.

விடியலுக்கு முன்

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். பாயின் முன் பொய்யன் ஆவேன்; அப்பாவின் முன் திறமையற்றவன் ஆவேன். சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அந்த ‘ஆகாமலும் போகலாம்’ என்ற நினைப்பைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் புரண்டேன்.

மூன்றரை மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. அம்மா தூக்குவாளியில் சோற்றை வைத்து, அதன்மேல் சிறு கிண்ணத்தில் துவையலை வைத்து மூடினார். தோட்டத்து அட்டைகளுக்காகச் சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த சிறு துணிமுடிச்சை இடுப்பில் செருகினார். தலைத்துண்டை உதறி மடித்தார். இவையெல்லாம் நாள்தோறும் அவர் செய்பவைதாம். நான்தான் அதுவரை பார்த்ததில்லை. இன்னும் சிறிது நேரத்தில் அவர் அந்த வண்டியில் ஏறுவார். பின்கதவை ஒட்டிய இருக்கையில் அமர்வார். அவ்வண்டியின் அடியில்தான் அந்தத் தண்டு சுழலும்.

வாசலில் படுத்திருந்த அப்பாவை எழுப்பினேன். “அப்பா, நான் குறி போடவில்லை” என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. முழுவதையும் சொன்னேன், பாயிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “நாலரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். டார்ச்சை எடு” என்றார்.

தெருவிலேயே சாக்கை விரித்து இருவரும் வண்டிக்கடியில் நுழைந்தோம். தண்டு கீழே வந்தது. குழலை உருவினேன். இப்போது எதைக்கொண்டு இடத்தை அறிவது? கவட்டைகள் இரண்டையும் கண்ணால் ஒருதளத்தில் வைக்கலாம். கண்ணளவில் ஒரு பல் தவறினாலும் தவறுதானே? அப்பா துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தண்டின் கழுத்தைத் தேய்த்தார். பல்லாண்டுகளாகப் படிந்திருந்த சேறும் பசையும் கரைந்தன. அடியில் ஏதோ மின்னியது. டார்ச்சை நெருக்கிப் பிடித்தேன்.

அங்கே ஓர் அம்புக்குறி இருந்தது. குழலின் விளிம்பைத் தேய்த்தோம். அங்கும் ஓர் அம்புக்குறி. இரண்டும் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்தபோது, இருபுறக் கவட்டைகளும் ஒரே தளத்தில் நின்றன.

அத்தண்டினைச் செய்த தொழிலாளி ஒருவர், நாங்கள் பிறழ்வோம் என்று முன்பே எண்ணி அக்குறியைப் பொறித்துவைத்திருக்கிறார். அவர் யார், எந்த ஊரில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பற்றியும் அவருக்குத் தெரியாது. ஆயினும் போடியின் இருண்ட தெருவொன்றில் அவர் எங்களுக்கு வழிகாட்டினார். துடைத்துப் பார்க்கும் பொறுமை எனக்கு முந்தைய நாளே இருந்திருந்தால் போதுமாயிருந்தது.

வேலை முடிய ஐந்தேகால் ஆயிற்று. தேநீர்க்கடை வாசலில் பெண்கள் தூக்குவாளிகளோடு காத்திருந்தார்கள். அப்பா அவர்களிடம், “மூட்டைச் சரியாக மாட்டவில்லை, மறுபடியும் மாட்டினோம்” என்று மட்டும் சொன்னார். யார் தவறு என்று சொல்லவில்லை. அன்று தோட்டத்தில் பன்னிரண்டு பேரும் தாமதத்துக்காகக் கங்காணியிடம் பேச்சு வாங்கினார்கள் என்று மாலையில் அம்மா கூறினார். என் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கடனை நான் இன்னும் அடைத்தபாடில்லை.

குறியின் பொருள்

மறுவாரம் பாய் திரும்பியதும் நானே சென்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பிரிப்பதற்குக் கை போதும், தம்பி. சேர்ப்பதற்கு நினைவு வேண்டும். நினைவு நம்மை ஏமாற்றும். அதனால்தான் குறி போடுகிறோம். நீ நினைவை நம்பினாய், அது பிழை. குறி போட்டேன் என்றாயே, அது வேறு. இரும்பில் நேர்ந்த பிழையை இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தாய். மற்றதற்கு நாளாகும்” என்றார். அதன்பின் மூன்று மாதங்கள், நான் மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் அவர் தம் கையால் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். நான்காம் மாதம் ஒருநாள் பார்க்காமல் விட்டார். என் தேர்வு முடிவு வந்த நாளைவிட அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஊர்தி இயந்திரப் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்றுவிக்கிறேன். அந்த ஜீப் என்றோ கைமாறிவிட்டது. அதிலிருந்து கழற்றிய பழைய கிராஸ் மட்டும் என் மேசைமேல் தாள்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. அதன் கைகளில் ஊசிகள் இட்ட தழும்புகளை விரலால் தடவினால் இன்றும் உணரலாம்.

புதிய மாணவர்கள் வந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு சாக்கட்டியைக் கொடுப்பேன். கருவிப்பெட்டி அதன் பிறகுதான். சிலர் சிரிப்பார்கள். சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தண்டினைப் பிரித்துவிட்டு என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, “ஐயா, குறி போட மறந்துவிட்டேன்” என்றார். வகுப்பு அமைதியாயிற்று. மண்ணெண்ணெய்யில் நனைத்த துணியை அவர் கையில் கொடுத்து, “துடைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்பே யாரேனும் குறியிட்டு வைத்திருப்பார்கள்” என்றேன்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் பிரித்து, மீண்டும் சேர்க்க முயன்ற பொருள் ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் உள்ள ஊர்திப் பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
3. ‘இரும்பில் நேர்ந்த பிழையை இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தாய். மற்றதற்கு நாளாகும்’ – இக்கூற்றினைக் குறித்துக் கலந்துரையாடுக.